போட்டியும் பொட்டியும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். இருக்கட்டும். மாவட்ட இயற்பியல் போட்டியின் இறுதிச்சுற்றுக்கு, தோளில் தக்காளிப் பெட்டியோடு அப்பா வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

முந்தின நாள் மதியம் முதல் சுற்றில் தேறியதும் என்னைக் கூட்டி வந்திருந்த அக்தர் பேகம் டீச்சரின் போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா பாலக்கோடு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். பெயர் பெரியண்ணன். போனில் ஏலக் கூச்சல் காதைப் பிளந்தது.

"ப்பா, நாளைக்குப் பத்து மணிக்கு தருமபுரி ஹால்ல போட்டி! மறந்துறாதீங்க!"

"செரி கண்ணு, செரி!" என்று வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் பெட்டியைப் பொட்டி என்றுதான் சொல்வோம். அந்தக் கூச்சலில் அவர் காதில் விழுந்தது அதுதான்.

இறுதிச்சுற்றில் மூன்று பேர். மற்ற இருவரும் பெரிய தனியார் பள்ளி. நான் அரசுப் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். மாநிலப் போட்டிக்குச் சென்னை போவது ஒருவர்தான். அது நானாக இருக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக எனக்கு வெறி.

கேள்வி இதுதான்: பலகையில் ஒரு காலிப் பெட்டி. பலகையை மெல்லச் சாய்த்தால் ஒரு கோணத்தில் பெட்டி சறுக்கும். பெட்டியில் பாரம் ஏற்றினால் அந்தக் கோணம் கூடுமா, குறையுமா?

மாறாது என்று மூவருமே எழுதினோம். கணக்குப் போட்டால் நிறை அடிபட்டுப் போய்விடும்.

நடுவர் சிரித்தார். "சூத்திரம் மூணு பேருக்கும் தெரியுது. இப்ப போர்டைத் தொடாம, முன்னாடி உட்கார்ந்திருக்கிற எட்டாவது பிள்ளைங்களை நம்ப வைங்க. ஆளுக்கு அஞ்சு நிமிஷம்."

முதல் இருவரும் அழகாகப் பேசினார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நான் மேடை ஏறினேன், கதவு திறந்தது.

"பாப்பா, பொட்டி!"

அரங்கமே சிரித்தது. எனக்கு மானமே போயிற்று. அப்பாவை முறைத்தேன். பிறகுதான் அவர் தோளில் இருந்த அந்தக் காலியான நீலப் பிளாஸ்டிக் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தேன்.

"மேல வாங்கப்பா. பொட்டிய இந்தப் பெஞ்சு மேல வெச்சிட்டு, பெஞ்சை ஒரு பக்கமா தூக்குங்க. மெதுவா."

மூட்டை தூக்கிப் பழகிய கை. பெஞ்சு துளியும் ஆடாமல் உயர்ந்தது. காலிப் பெட்டி சறுக்கிய உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். "இப்ப உங்க பைகளைக் கொண்டாங்க!" பிள்ளைகள் ஓடிவந்து பெட்டியை நிரப்பினார்கள். முன்னதாகவே சறுக்கும் என்று பாதிப் பேர், சறுக்கவே சறுக்காது என்று மீதிப் பேர். அப்பா மறுபடி தூக்கினார். அதே கோட்டில், ஒரு விரல்கூட முன்னே பின்னே இல்லாமல், பெட்டி சறுக்கியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் என் பெயரை அறிவித்ததே எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனில் நான் சொன்னது பொட்டி இல்லை, போட்டி என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"போட்டின்னு வெளங்கியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டன் கண்ணு. எனக்கு அங்க என்னா வேல? நீ பொட்டி கேட்டியேன்னுதான் வந்தன்."

இவ்வளவு பெருமைக்குரிய மனிதர், தனக்கு அங்கே வேலை இல்லை என்கிறார்!

"அடுத்த மாசம் சென்னையிலங்கப்பா" என்றேன். "அங்கயும் கண்டிப்பா பொட்டி வேணும்."