ஒரு வரித் திருத்தம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் சாலையின் எதிர்ப்புறத்தில் இருபத்துமூன்று கடைகள் இருந்தன. டீக்கடை, சலூன், ரீசார்ஜ் கடை, சரோஜாவின் மெஸ், கடைசியில் கோமதிநாயகத்தின் டூவீலர் ஒர்க்‌ஷாப். அவர் பத்தொன்பது வருடங்களுக்கு முன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தொழிற்சாலை அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்க வந்தவர். ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பியபோது ஊருக்குத் திரும்பாமல், அதே கேட்டுக்கு எதிரே தகரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நிதானமாகப் பேசுவார், மனு எழுதத் தெரியும் என்பதால் கடைக்காரர்கள் அவரைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

ஸ்கூட்டருக்கு பிரேக் மாற்ற வந்த வக்கீல் ரஞ்சனிதான் முதலில் செய்தியைச் சொன்னாள். தொழிற்பூங்காக்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்ட முன்வடிவு வருகிறது. அதில் பதினேழாவது பிரிவு, சாலையின் இருபுறமும் ஐம்பது மீட்டருக்குள் அனுமதி பெறாத எந்தக் கட்டுமானமும் இருக்கக் கூடாது என்கிறது.

"கோர்ட்டுக்குப் போலாமாம்மா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"சட்டமே வந்துட்டா கோர்ட்ல நான் இன்னாத்த பேசறது அண்ணாச்சி? வரதுக்கு முன்னாடி ஒரு வரி சேக்க வெக்கணும். அவ்ளோதான்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். 'இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இயங்கிவரும் சிறு கடைகளுக்கு இப்பிரிவு பொருந்தாது.' கோமதிநாயகம் அதை மூன்று முறை படித்தார். இருபத்துமூன்று குடும்பங்களும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டதைப் பார்க்க அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பேரவை கூட இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன. அவரோடு அலைய முன்வந்தது சரோஜா மட்டும்தான். பக்கத்துக் கிராமமான வடக்குப்பட்டுக்காரி. மற்றவர்கள் வாடகைக்கும் புறம்போக்கிலும் இருந்தவர்கள். சரோஜா வீட்டு நிலமோ தொழிற்பேட்டைக்கே போயிருந்தது. இப்போது லாரிகள் திரும்புகிற இடத்தில்தான் அவள் மாமனார் நெல் போட்டுக்கொண்டிருந்தார். "என் எடத்துல ரோடு போட்டுட்டு, ரோட்டோரம் நிக்காதன்றான்" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. எழிலரசனின் அலுவலகத்துக்கு நான்கு முறை போனார்கள். உதவியாளர் பாண்டுரங்கன் ஒவ்வொரு முறையும் அவர் போயிருப்பதாக ஒரு கல்யாணத்தைச் சொன்னார். ஐந்தாவது முறை கோமதிநாயகம் சரோஜாவோடு அந்தக் கல்யாண மண்டபத்துக்கே போய், பந்தி முடியும்வரை கை கழுவும் இடத்தில் நின்றார். எழிலரசன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"எலெக்சன் அப்போ உங்க மெஸ்லதான சாப்ட்டேன்?" என்று சரோஜாவைக் கேட்டார்.

"ஆமாங்கய்யா. பசங்க முப்பது பேரு வந்தீங்க."

"நியாயமான விஷயம். நான் பேசறேன்." காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணைப் பார்த்துதான் சொன்னார். பொய் சொல்லவில்லை என்று கோமதிநாயகத்துக்கு அன்றும் தோன்றியது, பிறகும் தோன்றியது.

அதோடு விட்டுவிடவில்லை. அமைச்சரின் அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, மனுவுக்கு ரசீது எண் வாங்கி வந்தார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரையும் பார்த்தார்கள். அவர் டீ கொடுத்து உபசரித்தார். "நாங்க கேட்டா, நாங்க கேட்டோம்றதுக்காகவே தரமாட்டாங்க. உங்க ஆளையே பேச வெச்சிருங்க, அதான் உங்களுக்கு நல்லது" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

முன்வடிவு விவாதத்துக்கு வரும் நாளுக்குப் பாண்டுரங்கன் இரண்டு பார்வையாளர் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். சரோஜா அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. முதல் ஷிப்ட் பையன்கள் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு பிஸ்கட்டோடு உள்ளே போனார்கள். இருவரும் பஸ் மாறி மாறிப் போய் கோட்டைக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. செல்போன், பை, கோமதிநாயகம் சட்டைப் பையில் வைத்திருந்த பேனா எல்லாவற்றையும் வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தபோது ஏசிக் காற்றில் சரோஜா முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். கீழே எழிலரசன் கடைசிக்கு முந்தின வரிசையில் இருந்தார். முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அன்று ஒன்பது முன்வடிவுகள். கூட்டத்தொடரின் கடைசி நாள். காலையிலேயே வேறு ஏதோ விஷயத்துக்காக எதிர்க்கட்சியினர் கோஷம் போட்டு வெளிநடப்பு செய்துவிட்டார்கள். டீ கொடுத்தவரும் அவர்களோடு போனார். போகும்போது மாடத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இவர்களுடைய முன்வடிவு வந்தபோது மதியம் ஒன்று இருபது. பேரவைத் தலைவர் எழிலரசனுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார். தலைமைக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, தொகுதிக்கு வந்த பாலத்துக்கு நன்றி. இரண்டு நிமிடத்துக்கு மேல் நன்றியிலேயே போயிற்று. சரோஜா கோமதிநாயகத்தின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பிறகு எழிலரசன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் பகுதியில் இருபத்துமூன்று சிறு கடைகள் இருக்கின்றன. விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற தொழிலாளிக்கு இட்லி கொடுப்பவர்கள் அவர்கள்தான். எனவே, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல்..."

மணி அடித்தது.

"...குறையாமல் இயங்கிவரும்..."

இரண்டாவது மணியோடு மைக் நின்றது. உதடுகள் மட்டும் இன்னும் கொஞ்சம் அசைந்தன. பிறகு அவர் உட்கார்ந்தார். அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் உணர்வை அரசு மதிக்கிறது, விதிகள் வகுக்கும்போது பரிசீலிக்கப்படும் என்றார். மேசைகளைத் தட்டினார்கள்.

"ஏற்போர் ஆம் என்க" என்றார் பேரவைத் தலைவர்.

கீழே இருந்தவர்கள் எல்லோரும் 'ஆம்' என்றார்கள். எழிலரசனின் வாயும் திறந்து மூடியதை இருவரும் பார்த்தார்கள்.

"மறுப்போர் இல்லை என்க."

யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏசி இரைச்சல் மட்டும் கேட்டது. சரோஜா தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். காவலர் ஒருவர் ஓடிவந்து, உட்காரும்படி கையால் அமர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். சட்ட முன்வடிவு நிறைவேறியது. அடுத்த முன்வடிவின் பெயரை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தபோது எழிலரசன் அவராகவே தேடி வந்தார். வியர்த்திருந்தார்.

"பேசினேன்ல?"

"பேசுனீங்கய்யா" என்றார் கோமதிநாயகம்.

"அப்புறம் இன்னாத்துக்குய்யா நீங்களும் ஆமுன்னீங்க?" என்றாள் சரோஜா.

எழிலரசன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் இன்னாம்மா பண்றது? கட்சி உத்தரவு. இல்லன்னு சொன்னா நாளைக்கு நான் இங்க உக்கார முடியாது. அப்படியே சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்துல அது யார் காதுல வுழப் போவுது?"

"எனக்குக் கேட்டிருக்கும்யா."

யாரோ கூப்பிட, எழிலரசன் போய்விட்டார். பின்னால் நின்ற பாண்டுரங்கன்தான் மீதியைச் சொன்னார். "மைக்ல பேசறது வேற, திருத்தம் வேற அண்ணாச்சி. திருத்தம்னா முன்கூட்டியே எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும். ஆளுங்கட்சி ஆளு அத்த குடுக்க மாட்டாரு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா மட்டும் நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?"

கோமதிநாயகம் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். வாசலில் போய்ப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பஸ் ஒரகடம் வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. கடைத்தெருவில் இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "நம்ம விஷயம் அசெம்ப்ளில வந்துச்சாமே?" என்று சலூன்காரர் கேட்டார். செய்திச் சேனலில் எழிலரசன் அரை நிமிடம் தெரிந்தாராம். அந்த முகங்களைப் பார்த்து, "வந்துச்சு" என்றார் கோமதிநாயகம். மற்றதையும் சொல்லத்தான் நினைத்தார். சரோஜா முந்திக்கொண்டு, "பேச்சு வந்துச்சு. வரி வரல" என்றாள்.

மாதக் கடைசியில் ஒவ்வொரு கடைச் சுவரிலும் பதினைந்து நாள் கெடு போட்ட நோட்டீஸ் ஒட்டினார்கள். அதற்கு மறுநாள் பாண்டுரங்கன் ஆட்டோவில் ஒரு பிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்தார். விரித்தபோது எழிலரசன் இரண்டாள் உயரத்துக்குக் கை கூப்பி நின்றார். 'சட்டமன்றத்தில் சிறு வணிகர்களுக்காக முழங்கிய எங்கள் எழுச்சி நாயகனுக்கு நன்றி! இவண்: கடை உரிமையாளர்கள் சங்கம்.'

"இத எங்க கட்டச் சொல்லுதீங்க?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"கடைங்க மேலதான். ஒரு போட்டோ எடுத்துகினு போயிருவேன். தலைமைக்கு அனுப்பணும்." பிறகு பாண்டுரங்கன் கொஞ்சம் தணிந்தார். "மாத்து எடத்துக்கு ஐயா லெட்டர் தரேன்னு சொல்லிகீறாரு அண்ணாச்சி. அவருக்கும் உள்ளுக்குள்ள வருத்தம்தான். நீங்க மொறச்சிகினு நின்னா அதுவும் பூடும்."

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். கிழித்துப் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு நன்றாக இருக்கும். அப்புறம் அந்த லெட்டருக்கு யாரிடம் போவது? ரீசார்ஜ் கடைப் பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் தீர்மானித்துவிட்டார்.

"ஏணிய எடுங்க" என்றார்.

சரோஜா ஒரு முனையைப் பிடித்தாள். போட்டோ எடுத்த பாண்டுரங்கன் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். சலூன்காரர் மட்டும் சிரித்தார்.

கெடு முடிந்த வியாழக்கிழமை ஜேசிபி வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசை முழுவதும் தரையாகிவிட்டது. யாரும் கல் எறியவில்லை, படுத்து மறிக்கவில்லை. சாமான்களை முந்தின நாளே எடுத்திருந்தார்கள். சரோஜா இப்போது வீட்டில் சமைத்துப் பொட்டலங்களை ஷேர் ஆட்டோவில் கொண்டுவருகிறாள். ஒரு கேட்டில் செக்யூரிட்டி விரட்டினால் அடுத்த கேட்டுக்குப் போகிறாள். கோமதிநாயகம் பையில் ஸ்பேனர் போட்டுக்கொண்டு, பையன்கள் தங்கியிருக்கும் ரூம்களுக்கே போய் வண்டி பார்க்கிறார்.

எழிலரசன் லெட்டர் கொடுத்தார். 'ஆவன செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அது தாலுகா அலுவலகத்திலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தொழிற்பேட்டை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோமதிநாயகம் போய்க் கேட்கிறார். சென்ற வாரம் பாண்டுரங்கன் போன் செய்தார்.

"அடுத்த கூட்டத்தொடர்ல கேள்வியா போடலாம்னு ஐயா சொல்றாரு. ஒரு நாலு வரி எழுதிக் குடுங்களேன்."

"கேள்வின்னா? அதுக்காவது பதில் சொல்லணும்னு சட்டம் இருக்கா?"

"கேக்கறதுக்கு இருக்குது அண்ணாச்சி."

அன்று சாயங்காலம் கோமதிநாயகம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே 'மாண்புமிகு' என்று எழுதினார்.