கூடுதலாக எழுதிய வசனம்

1

இந்தக் கதையின் வேர் ஒரேயொரு வசனம், ஒரேயொரு வாக்கியம். அதை எழுதியவன் நான். ஆங்கிலத்தில் எழுதினேன். அதனால் ஒரு மனிதர்

[இதை இப்படியே அறுத்து விடுகிறேன். "அதனால்" என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உரிமை இல்லை என்று சொல்லித் தப்பிக்கிறேனா என்பதும் தெரியவில்லை.]

முல்லைத்தீவு நகரில், பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பிரதி எடுப்பது, தட்டச்சு செய்வது, ஆங்கிலத்தில் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதிக் கொடுப்பது, இவை என் தொழில். இடையிடையே சிறுகதை எழுதுவேன். நாலைந்து சஞ்சிகைகளில் வந்திருக்கின்றன. என் உவமைகள் நன்றாக இருப்பதாக ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. குற்றச்சாட்டில் இதுவும் சேரவேண்டும்.

2

தொடக்கத்தை இரண்டு தரம் எழுதி வெட்டினேன்.

"கடல் அன்று கறுத்துக் கிடந்தது." அன்று நான் கடலில் இல்லை. அது என்ன நிறத்தில் கிடந்தது என்று எனக்குத் தெரியாது.

"கொலின்ஸ் மிக நல்ல மனிதர்." கதைகளில் மிக நல்ல மனிதர்களுக்கு என்ன நடக்கும் என்பது வாசகருக்குப் பழக்கம்.

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். செப்ரெம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்துக் கரையோரக் கிராமமான கள்ளப்பாட்டில் கடற்தொழில் செய்யும் கொலின்ஸ் என் கடைக்கு வந்தார். முப்பத்தொன்பது வயது. முன்பல் ஒன்று உடைந்திருந்ததால் சிரிக்கும்போது கையால் வாயை மறைப்பார். அன்று கையில் ஒரு ஜீ.பி.எஸ். கருவி. படகு நிற்கும் இடத்தைத் திரையில் ஓர் அம்புக்குறியால் காட்டும் சின்னக் கருவி அது. போட்ட வலையைத் தேடிப் போகவும் கரைக்குத் திரும்பவும் இப்போது எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஜூன் மாதம் கிளிநொச்சியில் வாங்கியிருந்தார். ஒரு வருட உத்தரவாதம் இருந்தது.

"அண்ணை, இது நடுக்கடலில விறைச்சுப்போய் நிக்குது. படகு ஓடுது, அம்பு அசையுதில்லை. பத்து நிமிசம் கழிச்சுத் துள்ளி வேற எங்கயோ போய் நிக்குது. இதை நம்பி என்னண்டு வாறது?"

3

உத்தரவாத அட்டையில் இருந்த இலக்கத்துக்கு என் தொலைபேசியில் எடுத்தோம். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினோம். பதினெட்டு நிமிடம் ஒரே இசை. பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவையிலிருந்து சாரங்கா. உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

கொலின்ஸ் கருவியைப் பற்றிச் சொல்லவில்லை. "பிள்ளை, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நாங்கள் சொல்லக்கூடாது, ஐயா." பிறகு குரலைத் தாழ்த்தி, "பூவரசங்குளம்" என்றாள்.

"வவுனியாப் பக்கம். அப்ப எங்கட பிள்ளைதான்."

அதன் பிறகுதான் முறைப்பாடு தொடங்கியது.

"ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாத்தனீங்களோ, ஐயா?"

"ஒவ்வொரு நாளும் அதைத்தானே செய்யிறன்."

"பற்றறியைக் கழட்டி மாட்டினனீங்களோ?"

"ஓம், அதுவும் செய்தாச்சு."

"கட்டடம், மரம் ஒண்டும் மறைக்காமல், வானம் வடிவாத் தெரியிற இடத்தில வைச்சுப் பாக்கச் சொல்லி இதில கிடக்குது."

கொலின்ஸ் என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பிள்ளை, கடலில வானத்தை விட்டா வேற என்ன கிடக்கு?"

அவளும் சிரித்துவிட்டாள். முறைப்பாட்டை மின்னஞ்சலில், ஆங்கிலத்தில், விவரமாக எழுதி அனுப்பச் சொன்னாள். தொழினுட்பப் பிரிவு பார்த்து முடிவு சொல்லும் என்றாள்.

4

முதலில் நான் எழுதியது இவ்வளவுதான்: "கருவி அடிக்கடி உறைந்து நிற்கிறது. பிழையான இடத்தைக் காட்டுகிறது. மாற்றித் தாருங்கள்."

கொலின்ஸ் போய்விட்டார். அதை அப்படியே அனுப்பியிருக்கலாம். வாசித்துப் பார்த்தபோது வெறுமையாக இருந்தது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து வாசிப்பவருக்கு மனம் இளகவேண்டாமா? ஒரு வசனம் சேர்த்தேன். தமிழில் அது இப்படி வரும்:

"உப்புக்காற்றும் அலைத்தூறலும் ஓயாமல் அறைய, இந்த ஏழைத் தொழிலாளி இக்கருவியை ஈரத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்தபடி கடலில் திரிகிறார்."*

* கருவியைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருப்பதாகக் கொலின்ஸ் பேச்சுவாக்கில் சொன்னது உண்மை. ஈரம் நான் போட்டது. "துணி" என்று மட்டும் எழுத அது மொட்டையாகத் தெரிந்தது.

5

ஒன்பது நாளில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. "தொழினுட்ப ஆய்வின்படி, உப்புநீரும் ஈரமும் உட்புகுந்தமையே பழுதுக்குக் காரணம். இது பாவனையாளரின் கவனயீனம். உத்தரவாதத்தில் அடங்காது. முறைப்பாடு முடிக்கப்பட்டது." கீழே, சேவை எவ்வளவு திருப்தி என்று ஐந்து நட்சத்திரங்கள்.

அவர்கள் ஆய்வு செய்த கருவி அந்த ஒன்பது நாளும் கொலின்ஸின் சட்டைக்குள் கடலில் இருந்தது. அவர்கள் பார்த்தது என் வசனத்தை.

பதிலைப் பிரதி எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"என்னவாம், அண்ணை?"

"மாத்தித் தரமாட்டினமாம்."

"ஏனாம்?"

"உத்தரவாதத்தில வராதாம்."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி விடுங்கோ. நிப்பாட்டிப் போட்டா வேலை செய்யுதுதானே."

[நல்ல கதாசிரியன் ஒருவன் இந்த இடத்தில் என்னைப் பேசவைத்திருப்பான். "கொலின்ஸ், பிழை என்னுடையது. இன்னொரு கடிதம் போடுவம்." அப்படி எழுதியும் பார்த்தேன். மிகவும் நன்றாக வந்தது. நடக்காததால் வெட்டினேன்.]

6

நவம்பர் ஒன்பதாம் திகதி பிற்பகல் மூன்று மணிக்குக் கொலின்ஸ் கடலுக்குப் போனார். வழக்கமாகக் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். தனியாகப் போனார். வானிலை எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லை. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு மனைவி றஞ்சனிக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பேச்சை றஞ்சனி எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"மழை இருட்டிக்கொண்டு வருது. கரை தெரியேல்லை. இது கரைக்குக் கிட்ட நிக்கிறன் எண்டு காட்டுது."

"அப்ப வாங்கோவன்."

"இது காட்டுற பக்கம் ஓடி அரை மணித்தியாலம் ஆச்சு, றஞ்சனி. இன்னும் கிட்ட எண்டுதான் காட்டுது."

தொடர்பு அறுந்தது. அதன் பிறகு எத்தனை தரம் எடுத்தும் மணி அடிக்கவில்லை.

கடற்படையும் ஊர்ப் படகுகளும் ஆறு நாள் தேடின. நாலாம் நாள் படகுகளில் கொண்டுபோகும் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கான் ஒன்று மிதந்து வந்தது. அது அவருடையதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.*

* முன்பெல்லாம் நட்சத்திரம் பார்த்துக் கரை சேர்ந்தார்களே என்று கேட்பவர்களுக்கு: விடிந்த பிறகு நட்சத்திரம் இல்லை; மழைமூட்டத்தில் சூரியனும் இல்லை.

7

டிசெம்பரில் றஞ்சனி என் கடைக்கு வந்தா. அந்தக் கடிதத்தை மேசையில் விரித்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தா.

"எங்கட மகள் அகராதி பாத்துச் சொன்னவள், அண்ணை. கவனயீனமாம். அவர் காணாமல் போனதை விசாரிக்க வந்த அலுவலக ஆக்களும் இதைத்தான் வாசிச்சவை. 'உங்கட மனிசன் கவனமில்லாத ஆள்போல' எண்டு கேட்டவை. அவற்ற பேர் போட்ட கடுதாசி எண்டு இது ஒண்டுதான் எங்களிட்ட கிடக்கு. இதில இப்பிடி எழுதிக் கிடக்கலாமோ? இதை அழிக்கச் சொல்லுங்கோ."

அழைத்தேன். சாரங்காவைக் கேட்டு வாங்க நாற்பது நிமிடம் ஆனது. நடந்ததைச் சொன்னேன்.  தொலைபேசியை றஞ்சனியிடம் கொடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"தங்கச்சி, அந்தச் சாமான் அவர் எங்க நிக்கிறார் எண்டு உங்களுக்குக் காட்டாதோ?"

"இல்லை, அக்கா. அது மேல இருந்து வாறதைக் கேக்க மட்டும்தான் செய்யும். திருப்பி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாது."

றஞ்சனி தலையை ஆட்டினா. அதை ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

"அப்ப இந்தக் கவனயீனத்தை எடுத்துவிடுங்கோ."

"முடிச்ச முறைப்பாட்டைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை, அக்கா. புதுசாப் போடலாம். ஆனா அதுக்குப் பொருளை அனுப்பச் சொல்லி..." அவள் தான் வாசித்துக்கொண்டிருப்பது என்னவென்று அப்போதுதான் உணர்ந்திருப்பாள். வாசிப்பதை நிறுத்தினாள். "அக்கா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ. பொருளை ஒருத்தரும் பாக்கேல்லை. ஈரத் துணியில சுத்தி வைச்சிருந்தவர் எண்டு உங்கட கடிதத்திலயே கிடந்தது. அதைப் பாத்துத்தான் முடிச்சவை."

றஞ்சனி தொலைபேசியை மெதுவாக மேசையில் வைத்தா.

"ஆர் எழுதினது?"

[இந்தக் கேள்விக்கு மூன்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் நான் அழுகிறேன். ஒன்றில் கம்பனியைத் திட்டுகிறேன். ஒன்றில் மின்சாரம் நின்றுவிடுகிறது.]

"நான்தான்" என்றேன்.

"அந்த இடத்தைத் தமிழில சொல்லுங்கோ."

சொன்னேன். உப்புக்காற்று, கைக்குழந்தை, நெஞ்சு எல்லாவற்றையும். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கஷ்டப்பட்டு வாசித்ததில்லை. 

"ஈரத் துணி இல்லை, அண்ணை. காய்ஞ்ச துணி. ஒவ்வொரு நாளும் நான்தான் தோய்ச்சுக் காயவைச்சுக் குடுக்கிறனான். மழை நாளில அடுப்புக்கு மேல பிடிச்சுக் காயவைப்பன்."

அவ்வளவுதான் சொன்னா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டச்சுப் பிழை ஒன்றைத் திருத்துவதுபோலச் சொன்னா. திட்டியிருக்கலாம். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

8

இப்போது முடிவுகள்.

அ. வேறொரு நாட்டுக் கரையில் ஒரு படகு ஒதுங்குகிறது. தாடி வளர்ந்த ஒருவர் சிறையில் இருந்து தொலைபேசி எடுக்கிறார். இப்படி உண்மையில் நடந்ததாக ஊரில் கதைப்பார்கள். இதை எழுதி றஞ்சனியின் கண்ணில் பட்டால், அவா தினமும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பா. இப்போதும் அப்படித்தான் இருக்கிறா. அதற்கு என் கதையும் வேண்டாம்.

ஆ. கோவிலில் அவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள். பங்குத்தந்தை கேட்டுவிட்டார். றஞ்சனி "இப்ப வேண்டாம், சுவாமி" என்றுவிட்டா. அவா வேண்டாம் என்றதை நான் கதையில் நடத்த முடியாது.

இ. புதிய கருவி கொடுத்திருந்தால் அவர் வந்திருப்பார். நான் அந்த வசனத்தை எழுதாவிட்டாலும் கம்பனி வேறொரு காரணம் கண்டுபிடித்திருக்கும். இரண்டில் எது உண்மை என்று தெரிந்தால் நான் ஒன்றில் ஆறுதலடைவேன், இல்லாவிட்டால் அழிந்துபோவேன். தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கடை திறந்து பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

9

போன கிழமை றஞ்சனி மறுபடி வந்தா. என்னிடம் வரவேண்டிய அவசியம் இல்லை; பக்கத்தில் இன்னும் இரண்டு கடை இருக்கின்றன. அலுவலகம் ஒன்றில் கொடுத்த உதவிப்பண விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்திருந்தா. பெயர், முகவரி, தொழில் எல்லாம் நிரப்பினேன். பிறகு இரண்டு பெட்டிகள். இறந்தவர். காணாமற் போனவர். ஒன்றில் அடையாளம் இடவேண்டும்.

பேனாவை நிறுத்திவிட்டு அவாவைப் பார்த்தேன்.

"முதலாவது வேண்டாம்" என்றா.

"அப்ப இரண்டாவதோ, தங்கச்சி?"

"அதுவும் வேண்டாம். அந்தச் சொல்லோட, சண்டைக்காலத்தில துலைஞ்ச பிள்ளையளைக் கேட்டு எங்கட சனம் எத்தினை வரியமா றோட்டில இருக்குது. அவரைக் கொண்டுபோய் அதுக்க நிப்பாட்டமாட்டன். கடலுக்குப் போனவர் எண்டு எழுதுங்கோ."

"அதுக்குப் பெட்டி இல்லையே."

"பக்கத்தில இடம் கிடக்குத்தானே. அதில எழுதுங்கோ." பிறகு, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னா: "நான் சொன்னதை மட்டும் எழுதுங்கோ, அண்ணை."

எழுதினேன். படிவத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தா. மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு றோட்டைக் கடந்து போனா.

அலுவலகத்தில் அதை ஏற்றுக்கொண்டார்களா, பெட்டியில் அடையாளம் இல்லையென்று திருப்பிவிட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவாவைத்தான் கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை. இதற்கு மேலே ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். எனக்குக் கூடுதலாக ஒரு வசனம் எழுதப் பயமாக இருக்கிறது.