மூன்றாவது ஓலை

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று. என் தங்கை ஷர்மைனுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு சாமியார் அவள் பெயரை மட்டும் வாசிக்கவில்லை. கோயிலில் பாதிப் பேர் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். எங்கள் ஊர் யோங் பெங்கில் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அன்று அவல் கிடைத்துவிட்டது.

பூசை முடிந்ததும் சாமியார் எங்கள் இருவரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். தெரியாத எண்ணிலிருந்து முந்தின நாள் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு ஒன்றைப் போட்டார்.

“எனக்கு இந்தத் திருமணத்தில் விருப்பம் இல்லை. வீட்டில் என்னைக் கட்டாயப்படுத்துகிறார்கள். என் மனம் வேறொருவரிடம் இருக்கிறது.”

ஷர்மைனின் குரலேதான். எனக்கே பயம் வந்துவிட்டது.

“கட்டாயம்னா நான் கட்டி வைக்க முடியாதும்மா. அதான் நிறுத்தினேன்,” என்றார் சாமியார்.

“நான் பேசல ஃபாதர்,” என்றாள் ஷர்மைன்.

“இன்னொரு தடவ போடுங்க ஃபாதர்,” என்றேன்.

“உக்காரு ஐலீன்,” என்று சொல்லிவிட்டுப் போட்டார். இரண்டாம் தடவை கேட்டதும் பயம் போய்க் கோபம் வந்தது. என் தங்கை கிளினிக் கவுண்டரில் வேலை செய்பவள். பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டு மீதியில் எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’ போட்டு முடிப்பவள். ‘கட்டாயப்படுத்துகிறார்கள்’ என்று முழுசாக அவள் வாயில் வருகிற ஒரே இடம் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்கிற மேடைதான். பதிவில் இருந்ததும் அந்தக் குரல்தான். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, மைக்குக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் குரல்.

“இவ வீட்டுல இப்படியா பேசுவா ஃபாதர்? இது பைபிள் வாசிக்கிற குரல். அதை எடுத்து யாரோ மெஷின்ல பேச வச்சிருக்காங்க.”

வாராவாரம் அவள் வாசிப்பைக் கேட்கிறவர் அவர். மறுபடி கேட்டுவிட்டு, “ஆமா,” என்றார்.

கோயிலில் பூசையைப் பதிவு செய்பவன் மார்கஸ். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு அனுப்புவதற்காகப் பழைய பதிவுகளையெல்லாம் கணினியில் வைத்திருப்பான். போன வருஷம் ஷர்மைனைப் பெண் கேட்டு, வேண்டாம் என்று பதில் வாங்கிப் போன வீடு அவனுடையது. நான் போனபோது மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கேட்டதும் முகம் செத்துவிட்டது.

“ஒரு ஆப் இருக்குக்கா. குரலக் கொடுத்து, எழுதிக் கொடுத்தா பேசிடும். கல்யாணம் கொஞ்சம் தள்ளிப் போகும்னு நெனச்சேன்.”

“மாப்ள வீட்டுக்கும் அனுப்புனியா?”

தலையைக் குனிந்துகொண்டான். அறைந்திருப்பேன். கோயில் என்பதால் கையை அடக்கிக்கொண்டேன். அன்று மாலையே அப்பா ஷர்மைனை அழைத்துப் போய்ப் போலீசில் புகார் கொடுத்தார். அவன் கைப்பேசியையும் கணினியையும் எடுத்துப் போனார்கள். அடுத்த ஞாயிறு ஓலை வாசித்துவிடலாம் என்று சாமியாரும் சொன்னார்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை. மாப்பிள்ளை செல்வா சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், வீடு எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில். நடந்ததை அப்பா அவர்களுக்குச் சொல்லியும் அவரிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. புதன்கிழமைதான் கூப்பிட்டார். ஷர்மைன் துணி மடித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

“சனிக்கிழமையே எனக்கு அது வந்துச்சு,” என்றார்.

“அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?”

“என்ன கேக்கறதுன்னு தெரியல. அம்மா வேற, நெருப்பில்லாம புகையுமாங்கறாங்க. ஒண்ணு செய்யலாமா? அதே வார்த்தைய நீ ஒரு தடவ பேசி அனுப்பு. ரெண்டையும் வச்சுக் கேட்டா அம்மாவுக்கு மனசு ஆறிடும்.”

“உங்களுக்கு?”

ஷர்மைன் மடிப்பதை நிறுத்தினாள்.

“எனக்கும்தான்,” என்றார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று போனைப் பிடுங்கப் போனேன். ஷர்மைன் என் கையைத் தள்ளிவிட்டு, “சரி, அனுப்பறேன்,” என்று வைத்தாள்.

“பைத்தியமாடி உனக்கு? நீ எதுக்கு நிரூபிக்கணும்?”

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு போனை வாயருகே வைத்து, கவுண்டரில் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற அதே நிதானத்தில் பேசினாள்.

“செல்வா, ஷர்மைன் பேசறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்லா. வீட்டுல யாரும் கட்டாயப்படுத்தல. மனசுல வேற யாரும் இல்ல, நீங்கதான் இருந்தீங்க. அம்மாகிட்டயும் போட்டுக் காட்டுங்க. ரெண்டையும் வச்சு நல்லா கேளுங்க.”

அனுப்பிவிட்டுத்தான் அழுதாள்.