சுவர் மூச்சு விட்ட நாள்

மிலாதாவின் பீர்க்கடையில் லுபோர் வைத்திருந்த கடன் நூற்றெண்பது கொருனா. அதற்கு ஈடாக அவனுடைய அக்கார்டியன் வாத்தியப் பெட்டி கடைப் பரணில் ஏறி உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை மகள் யிட்காவுக்குக் கல்யாணம். அப்பன் வாசிக்காமல் மகள் எப்படி ஆடுவாள்?

"காச வையி, பொட்டிய எடு. இல்லன்னா கல்யாணத்துல தட்டத் தட்டி வாசி," என்றாள் மிலாதா.

அவர்கள் இருந்த பிராக் நகரத்திலேயே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில், விழித்திருக்கும்போதே கனவு வரவைக்கும் புது மருந்துக்கு ஆள் தேடினார்கள். டாக்டர்கள் முதலில் தாங்களே குடித்துப் பார்த்துவிட்டார்களாம். கூலி நூற்றைம்பது. லுபோர் போனான்.

டாக்டர் ரீஷவா ஒரு கோப்பையை நீட்டினாள். குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. கனவும் இல்லை, கலரும் இல்லை. எழுப்பிய சுவருக்கு மட்டுமே கூலி வாங்கிப் பழகிய கொத்தன் அவன். இங்கே கண்ட காட்சிக்குத்தான் கூலி என்று தானாகவே முடிவு கட்டியிருந்தான்.

"ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள் டாக்டர்.

லுபோர் எதிர்ச்சுவரை வெறித்தான். பூச்சு வேலை படுமோசம்.

"சுவரு மூச்சு விடுது, டாக்டரம்மா."

"எப்படி?"

"இழுத்து இழுத்து விடுது. சிமெண்ட்டுல கஞ்சத்தனம் பண்ணியிருக்கானுங்க, அதான் இளைக்குது."

டாக்டர் விறுவிறுவென்று எழுதினாள். லுபோருக்குத் தெம்பு வந்தது. ஜன்னல் வழியே விருந்தில் வைக்கும் மாவு உருண்டைகள் ஜோடி போட்டு ஆடிவந்தன என்றான். வாத்துக்கறி மாப்பிள்ளையாம், முட்டைக்கோஸ் பெண்ணாம். சொல்லச் சொல்ல அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரும் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள், அவன் குடித்தது என்ன என்று யாரோ எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தாள். உள்ளே என்ன இருக்கும் என்று அதுவரை அவளுக்கும் தெரியாது.

"லுபோர், இன்னைக்கு உங்களுக்குக் குடுத்தது வெறும் தண்ணி."

லுபோருக்குக் காது வரை சிவந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தான்.

"எங்க போறீங்க? கூலி வேணாமா?"

"தண்ணி குடிச்சுட்டுப் புளுகினவனுக்கு என்ன டாக்டரம்மா கூலி?"

"தண்ணியக் குடிச்சே மனுஷன் இவ்வளவு பார்ப்பான்னு தெரிஞ்சாத்தானே, மருந்து தனியா என்ன பண்ணுதுன்னு சொல்லலாம்? பாதிப் பேருக்குத் தண்ணிதான் குடுக்கறோம். புடிங்க."

நூற்றைம்பதும் அவன் கையில் விழுந்தது.

பீர்க்கடையில் பணத்தைப் பலகைமேல் வைத்தான். முப்பது குறைந்தது.

"மீதி?" என்றாள் மிலாதா.

"மீதி கதையாத்தான் இருக்கு, தாயே."

சொன்னான். வாத்துக்கறி முட்டைக்கோஸுக்கு மோதிரம் போடும் இடத்தில் மிலாதா பீர்க் குழாயை மூட மறந்தாள். கடையே மேசையைத் தட்டிச் சிரித்தது. நுரை தரையில் ஓடியது.

"அட பாவி மனுஷா! தண்ணி குடிச்சதுக்கே இந்த ஆட்டமா? என் பீரக் குடிச்சுட்டு ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்றபடி ஸ்டூலில் ஏறி அக்கார்டியனை இறக்கினாள்.

பிறகு கணக்குச் சீட்டை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.