சாக்கின் அடிவரை

மாம்புரிக் கடற்கரையில் மீனைக் காயவைத்து விற்கும் கருவாட்டு வாடி வைத்திருந்த ஸும்ராவுக்கு அடிவயிற்றின் இடது பக்கம், தொடை தொடங்கும் இடத்தில் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும். சாக்கைத் தூக்கினால் கோழிமுட்டை அளவுக்கு வெளியே வந்து நிற்கும். இரண்டு வருடமாகப் பழைய சீலைத் துண்டால் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்திலா வந்திருந்தது?

போன மாதம் உப்புத் தொட்டியடியில் வலி தாங்காமல் குந்திவிட்டாள். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஃபஹ்மியா அதைப் பார்த்துவிட்டாள். ஃபஹ்மியா பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. பின்னேரமே ஸும்ராவின் நானா ஸாஜித் வந்து நின்றான். அவள் கணவர் மௌத்தாகிப் போன ஆறு வருடமாகத் தங்கச்சியின் காரியங்களுக்கெல்லாம் தானே பொறுப்பு என்று நினைத்திருப்பவன் அவன். வாடிப் பக்கம் மட்டும் வரமாட்டான். அங்கே நாற்றமாம்.

அவன்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். டொக்டர் ஒரு தாதி மிஸ்ஸியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் அவளைப் பரிசோதித்தார். வெளியே வந்து சிங்களத்தில் பேசத் தொடங்கியதும் ஸாஜித் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டான்.

"தங்கச்சிக்குச் சிங்களம் தெரியாது. எனக்குச் சொல்லுங்க."

விடியற்காலையில் தம்புள்ளையிலிருந்து வரும் லொறிக்காரர்களோடு இருபது வருடம் ஸும்ரா மல்லுக்கட்டியதெல்லாம் சிங்களத்தில்தான். அந்த நேரத்தில் நானா தூங்கிக்கொண்டிருப்பான்.

டொக்டர் தாளில் கோடு கீறிக் காட்டினார். வயிற்றுச் சுவரில் ஒரு ஓட்டை. மேலே வெட்டி, அதை வலைத்துண்டு வைத்து அடைக்கலாம். அந்த இடத்தை மட்டும் மரத்து விறைக்கப் பண்ணியும் செய்யலாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணியும் செய்யலாம். இரண்டிலும் ஆள் விழித்திருப்பாள். மற்றது, மூன்று சின்னத் துளை போட்டு, கெமராவை விட்டு, உள்ளேயிருந்து வலை வைப்பது. அதற்கு முழு மயக்கம் வேண்டும்.

"பெண்களுக்குச் சில நேரம் இதற்குக் கீழே இன்னொரு ஓட்டை ஒளிந்திருக்கும். மேலே வெட்டும்போது அது தவறிப் போகலாம். கெமராவில் பெரும்பாலும் தெரியும். நான் அதைத்தான் சொல்வேன். இவருக்கு மூச்சிழுப்பு இருப்பதால் மயக்க மருந்து டொக்டர் முதலில் நெஞ்சைப் பார்க்க வேண்டும். இங்கே கெமரா இல்லை, வேறு ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டும். ஆறு கிழமை, ஒன்றரை மாதம் வரை ஆகலாம். எது வேண்டுமென்று தங்கச்சியிடம் கேளுங்கள்."

ஸாஜித் திரும்பினான். "வெட்டித் தைக்கிறதாம். முதுகுல ஊசியாம். வேற வழி இல்லையாம்."

"இவ்வளவு நேரமா அதையா சொன்னாரு?"

"சிங்களத்துல நீட்டித்தான் சொல்லுவாங்க."

அவன் டொக்டரிடம் திரும்பி, முதுகூசிக்குத் தங்கச்சி சம்மதம் என்றான். டொக்டர் பேனாவை எடுத்தார்.

"கெமரா எண்டாரே, நானா?" ஸும்ரா விடவில்லை.

ஸாஜித் குரலைத் தாழ்த்தினான். "அது உனக்குச் சரிவராது, புள்ள. மயங்கிக் கிடக்கிற பொம்புளைய ஆம்புளைங்க சுத்தி நிண்டு பாக்கிறதா? ஊர் என்ன கதைக்கும்? முழிச்சிருந்தா உன்ட மானம் உன்ட கையில."

"ரெண்டு வருஷமா அத என்ட கையாலதான் அமத்திப் புடிச்சிட்டுத் திரிஞ்சன். கை வலிக்குது, நானா."

மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியும் போல. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸும்ரா டொக்டரின் பக்கம் திரும்பினாள். "மஹத்தயா, எழுதாதீங்க," என்றாள் சிங்களத்தில். "இவர் சொன்னது இவருடைய சம்மதம். என்னுடையதை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை."

டொக்டரின் பேனா நின்றது.

கருவாடு வாங்க வருகிறவன் சாக்கின் மேலே கிடப்பதைப் பார்த்து விலை சொல்லமாட்டான். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவிப் பார்ப்பான். ஈரமானதை அடியில் போட்டு மறைப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஸும்ரா அப்படித்தான் கேட்டாள், லொறிக்காரர்களிடம் பழகிய அதே சிங்களத்தில், அதே சத்தத்தில். வெட்டினால் வலி எத்தனை நாள்? கெமராவில் என்ன பிழை வரலாம்? இழுப்பு இருக்கிற நெஞ்சுக்கு முழு மயக்கம் தாங்குமா? காத்திருக்கும்போது குடல் சிக்கினால்?

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். கெமராவென்றால் அநேகமாக வலி குறைவு, சீக்கிரம் நடமாடலாம். அரிதாக உள்ளே குடலோ இரத்தக்குழாயோ காயப்படலாம், அப்படியானால் பெரிதாக வெட்ட வேண்டி வரும். இழுப்பை மருந்தால் அடக்கிவிட்டால் பெரும்பாலும் தாங்கும். தாங்காது என்று மயக்க மருந்து டொக்டர் சொன்னால் திரும்பி வரட்டும், ஊசி வழி இருக்கிறது. புடைப்பு கல்லாக இறுகி, உள்ளே போகாமல், வாந்தி வந்தால் அந்த நிமிடமே ஓடி வரவேண்டும். அதுவரை சாக்குத் தூக்கக் கூடாது. பிறகும் சில கிழமைக்குக் கூடாது.

"அப்ப கெமரா," என்றாள். "ஒரு ஓட்டையை அடைச்சிட்டு மற்ற ஓட்டைக்கு இன்னொரு தரம் வர எனக்கு நேரமில்லை. நான் மயங்கியிருக்கிற நேரம் முழுக்க ஒரு மிஸ்ஸி பக்கத்தில் நிற்க வேண்டும். அதையும் எழுதுங்க."

டொக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

"ஹயாத்தோட, உசுரோட இருக்கிற நானாவக் கேக்காம..." என்று தொடங்கிய ஸாஜித், கையொப்பத் தாள் வந்ததும் பேனாவுக்குக் கையை நீட்டினான். ஸும்ரா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பெயரை முழுதாக, எழுத்து எழுத்தாக எழுதினாள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். ஸாஜித்துக்குப் பொறுக்க முடியவில்லை.

"சாக்குத் தூக்கக் கூடாது எண்டா வாடிய ஆரு பாக்கிறது? யோசிச்சியா?"

"யோசிச்சன். என்ட காரியமெல்லாம் உங்கட பொறுப்பு எண்டுதானே சொல்றீங்க?" ஸும்ரா முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டாள். "நாளைக்கு அஞ்சரைக்கு லொறி வரும். இருபத்திரெண்டு சாக்கு. சிங்களத்த நான் பாத்துக்கிறன், நீங்க தூக்குங்க. நாத்தம் கொஞ்சம் இரிக்கும், நானா."