வாசலில் ஒரு சிவப்பு வட்டம்

எங்கள் கட்டிடத்தின் வாசல் சுவரில் ஒரு சிவப்பு வட்டம் பதித்திருக்கிறார்கள். அடுத்த பெரிய நிலநடுக்கத்தில் இது விழக்கூடும் என்று அரசாங்கமே வைத்த பொட்டு. ருமேனியத் தலைநகரான இந்தப் புக்கரெஸ்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டிய அழகான கட்டிடங்கள் பலவற்றுக்கும் இந்தப் பொட்டு உண்டு. வீடு பார்க்க ஆள் வந்தால், கீழ்த்தளத்து ரொட்டிக்கடைக்காரன் தன் விலைப்பலகையை நகர்த்தி வட்டத்தின் மேல் சாய்த்துவைப்பான். விஷயம் கடைசியில் பத்திரம் எழுதுகிற இடத்தில்தான் வெளிவரும். அதற்குள் முன்பணம் கைமாறியிருக்கும். என்றாவது விற்றுவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை எங்கள் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு நேர் கீழே ஒக்டாவியன் வீடு. அவன் விற்பது மனைவி ரோடிகாவுக்காக. எழுபத்தேழாம் வருஷம் மார்ச்சில் நிலநடுக்கத்தில் ஊரே குலுங்கியபோது அவள் சின்னப் பெண். நடையில், கதவு நிலைக்கு அடியில் நின்ற அவள் பிழைத்தாள். படுக்கையறையில் இருந்த அவள் அம்மா பிழைக்கவில்லை. கல்யாணமாகி இந்தக் கட்டிடத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு நல்ல தூக்கம் கிடையாது. தெருவில் டிராம் திரும்பினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது ஆளே பாதியாகிவிட்டாள். ஊருக்கு வெளியே ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருந்தான் ஒக்டாவியன். இது விற்றால்தான் அது.

அதற்காக வீட்டைக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்தான். ஓக் மரத் தரையை இழைத்துப் பளபளவென்று ஆக்கினான், குளியலறையில் புது ஓடு பதித்தான், சுவர் விரிசலைப் பூசி மறைத்தான். பூச்சு எதைத் தாங்கும் என்று கேட்டேன்.

"நாப்பதுல வந்த ஆட்டத்தையும் தாங்குச்சு, எழுபத்தேழையும் தாங்குச்சு. இனிமே என்னக்கா ஆகப்போகுது?" என்றான்.

எங்கள் ஊர்க்காரர்களின் தனிப் புத்தி இது. இரண்டு தடவை மாரடைப்பு வந்து தப்பித்தவனைப் பார்த்து, இவனுக்கு இனி சாவே இல்லை என்று சொல்வது போல.

முதலில் வந்தது ஒரு இளம் ஜோடி. இத்தாலியில் கிழவர்களைக் கவனித்துச் சம்பாதித்த காசு. அந்தப் பெண் ஆன்கா நிறைமாதமாக இருந்தாள். அக்கம்பக்கம் நல்ல மனுஷர்கள் என்று காட்ட ஒக்டாவியன் என்னையும் கூப்பிட்டிருந்தான். ரோடிகா எல்லோருக்கும் புளிப்புச் செர்ரி பாகும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தாள். புருஷன்காரனுக்கு வீடு பிடித்துவிட்டது. தொட்டிலை எந்த அறையில் போடலாம் என்று ஆன்கா கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ரோடிகா அவள் கையைப் பிடித்து நடைக்கு அழைத்துப்போனாள்.

"இங்க போடும்மா. இந்த நிலைக்கு அடியில. படுக்கையறை வேண்டாம். ஆட்டம் வந்தா இங்கதான் பொழைக்கலாம். நானே இங்கதான் படுக்கிறேன்."

புருஷன்காரன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஒக்டாவியன் கத்தியிருந்தால் தேவலை. உனக்காகத்தானே விற்கிறேன் என்று மட்டும் கேட்டான். தெரியும், வயிற்றைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை என்றாள் அவள். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆள் வந்த அன்று ரோடிகாவை என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். நானும் சரி என்றேன். அவன் வீடு நல்ல விலைக்குப் போனால் என் வீட்டுக்கும் அந்த விலை கிடைக்கும் என்ற கணக்கு எனக்கு இருந்தது, மறைப்பானேன். ரோடிகா தானாகவே மேலே வந்தாள்.

"கதவப் பூட்டிடுங்க அக்கா. நான் கேட்டாலும் தொறக்காதீங்க. எனக்கு இங்கிருந்து போகணும்."

பூட்டினேன். காபி போட்டேன். கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, புதுத் தரையில் திடுதிடுவென்று சின்னக் கால்கள் ஓடின. ஏதோ குழந்தை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிச் சிரித்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அதையும் மீறிக் கேட்டது.

"அது படுக்கையறை, அக்கா" என்றாள் ரோடிகா.

கதவைத் திறக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சாவியை எடுத்தேன். எனக்கு அவள் மேல் கோபம், அவன் மேல் கோபம், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

"நீ இரு. நான் போய்ச் சொல்றேன்" என்றேன். ஒக்டாவியன் வெறுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அது அவளாக இருக்க வேண்டாம்.

ரோடிகா என் கையை எட்டிப் பிடித்தாள். விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.