டுக்னாட் என்னும் சொல்லின் மூலம்

இளவேனில் வந்ததும் பெர்கன் நகரின் குடியிருப்புகளில் டுக்னாட் நடைபெறும். எல்லாரும் கூலியின்றிக் கூடி முற்றத்தைத் துப்புரவு செய்யும் நாள் அது. வராதவர்களை யாரும் கடிந்துகொள்வதில்லை. ஆண்டு முழுவதும் மாடிப்படியில் பார்த்தும் பாராமல் போவார்கள், அவ்வளவே.

அகராதி அலுவலகத்தில் பணிபுரியும் எய்லெர்ட், சென்ற ஆண்டு வேலியோடு சேர்த்துச் குடியிருப்புச் சங்கத் தலைவி குன்வோரின் சைக்கிளுக்கும் பச்சை வண்ணம் பூசிவிட்டான். அன்றுமுதல் அவனுக்கு மாடிப்படியில் வணக்கமில்லை. இம்முறையாவது பயனுள்ளவன் என்று பெயரெடுக்க விரும்பினான்.

"நீ சருகை மட்டும் வாருப்பா. பெயின்ட் பக்கமே போயிடாத," என்றாள் குன்வோர்.

எய்லெர்ட் சருகு வாரியை ஊன்றி நின்று, தனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கினான்.

"டுக்னாட்ங்கிற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? பழைய நார்ஸ் மொழியில உதவின்னு அர்த்தம். அதுக்கு வேர், டுகா. அப்படின்னா, பயன்படுறது."

அருகிலிருந்த ஓட்மார், பல்லாண்டுகளாக எவரும் தொடாத மழைநீர்க் குழாயைக் கழுவப் போய்விட்டான். எய்லெர்ட் அடுத்தவரிடம் சென்றான்.

"ஜெர்மன்லயும் இதுக்கு ஒரு பங்காளி இருக்கு."

அவர் ஏணி வைத்துக் கூரைப்பாசியைச் சுரண்டலானார்.

மாலைவரை இழுக்கும் வேலை நண்பகலுக்குள் முடிந்தது. சுட்ட சாசேஜில் முதலாவதைக் குன்வோர் அவனிடம் நீட்டினாள்.

"அடுத்த வருஷமும் வந்துடு. பேஸ்மென்ட் பாக்கியிருக்கு. கொஞ்சம் நீளமான வார்த்தையா பார்த்து வை."

மறுநாள் மாடிப்படியில் ஓட்மார் அவனுக்கு வணக்கம் சொன்னான். ஆனால் நிற்கவில்லை.